'கறுப்பு பாப்' ராபர்ட் கிராஃபர்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெப்போலியன் காலத்து பிரிட்டிஷ் ராணுவம் என்றால் பலருக்கு வெலிங்டனும் வாட்டர்லூவும்தான் நினைவுக்கு வரும். வாட்டர்லூவுக்கு மூன்று வருஷம் முன்னாலேயே ஸ்பெயினில் ஒரு கோட்டைச் சுவரின் உடைப்பில் புதைக்கப்பட்ட ஒரு தளபதியைப் பற்றிய கேள்விகள் இவை. "சிப்பாய்களைக் கசையால் அடித்த ஆளை எதற்குக் கொண்டாட வேண்டும்" என்பதுதான் முதலில் வரும் கேள்வி. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் முன்னாலிருந்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

யார் இந்த கிராஃபர்ட்?

1764 மே 5 அன்று ஸ்காட்லாந்தின் அயர்ஷயர் பகுதியில் பிறந்தவர். தந்தை சர் அலெக்சாண்டர் கிராஃபர்ட், இவர் மூன்றாவது மகன். பதினைந்து வயதில் 25ஆம் ரெஜிமென்ட்டில் சேர்ந்தார். பெரிய குடும்பத்துப் பிள்ளைகள் பலர் அப்போது ராணுவத்துக்கு வந்தது சீருடைக்கும் விருந்துக்கும்தான். இவர் போரை ஒரு படிப்பாக எடுத்துக்கொண்டார். ஜெர்மன் மொழி கற்றார், ஏழாண்டுப் போரைப் பற்றிய ஒரு ஜெர்மன் ராணுவ நூலை அண்ணன் சார்லஸோடு சேர்ந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார், ஐரோப்பியப் படைகள் எப்படி நடக்கின்றன, எப்படிக் காவல் போடுகின்றன என்று நேரில் போய்ப் பார்த்தார். 1790களில் ஆஸ்திரியப் படையோடு இருந்தார். 1798இல் அயர்லாந்தில் பிரெஞ்சுக்காரர்கள் வந்து இறங்கியபோது அங்கே பணியில் இருந்தார். மறுவருஷம் சுவிட்சர்லாந்தில் ரஷ்யத் தளபதி சுவோரோவின் படைக்கு பிரிட்டிஷ் பிரதிநிதியாகப் போனார்.

அவர் பெயர் இன்றும் நிற்பது 1809இலிருந்து 1812 ஜனவரி வரை, போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் நடந்த தீபகற்பப் போரில், வெலிங்டனின் கீழ் இலகுரகக் காலாட்படையை, அதாவது லைட் பிரிகேடையும் பிறகு லைட் டிவிஷனையும் (பிரிகேடைவிடப் பெரிய படைப்பிரிவு டிவிஷன்) நடத்தியதற்காக.

'கறுப்பு பாப்' என்ற பெயர் எப்படி வந்தது?

பாப் என்பது ராபர்ட் என்ற பெயரின் செல்லச் சுருக்கம். கறுப்பு என்றது கொஞ்சம் தோற்றத்துக்காக, நிறையவே குணத்துக்காக. ஆள் குள்ளம், கருத்த முடி, சவரம் செய்தாலும் மறையாத தாடிக் கருமை. கோபம் வந்தால் அடங்காது. தவறு செய்த அதிகாரியை அவருடைய சிப்பாய்கள் முன்னாலேயே கத்தித் தீர்த்துவிடுவார். அது போக, நாள்கணக்கில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் மனம் இருண்டு கிடக்கும் சுபாவமும் இருந்தது.

இந்தியாவுக்கு வந்திருக்கிறாரா?

ஆமாம். 75ஆம் ரெஜிமென்ட்டில் கேப்டனாக, 1790 முதல் 1792 வரை, திப்பு சுல்தானுக்கு எதிராக காரன்வாலிஸ் நடத்திய மூன்றாம் மைசூர்ப் போரில் பங்கெடுத்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில் முடிந்த அதே போர்தான். திண்டுக்கல்லும், இன்றைய சேலம், கிருஷ்ணகிரி பக்கத்து பாராமகாலும் கம்பெனி கைக்கு வந்தது அந்த உடன்படிக்கையில். பின்னால் இவருக்கு மேலதிகாரியான வெலிங்டனும் மைசூர்ப் போரில்தான் பெயர் வாங்கினார், ஆனால் அது அடுத்த போர், 1799.

இவ்வளவு படித்தவர், பதவியில் ஏன் பின்தங்கினார்?

அன்றைய பிரிட்டிஷ் ராணுவத்தில் பதவியைக் காசு கொடுத்து வாங்கலாம். பணமும் செல்வாக்கும் இருந்தவர்கள் சீக்கிரம் மேலே போனார்கள். கிராஃபர்டின் காலம் வெளிநாட்டுப் படைகளோடு தூதுப் பணியிலும், பிறகு 1802 முதல் 1806 வரை பாராளுமன்றத்திலும் கழிந்தது. லெப்டினன்ட் கர்னல் ஆனதே 1797இல்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வெலிங்டன் இவரைவிட ஐந்து வயது இளையவர், பெரஸ்ஃபோர்டு நாலு வயது இளையவர், ரோலண்ட் ஹில் எட்டு வயது இளையவர். மூவரும் இவருக்கு மேலே. தனக்குத் தெரிந்ததில் பாதி கூடத் தெரியாதவர்கள் தனக்கு உத்தரவு போடுகிறார்கள் என்ற எரிச்சல் கடைசி வரை இவரை விடவில்லை. போர்ச்சுகலில் ஓடும் கோவா (Côa) ஆற்றங்கரையில் அவர் செய்த தவறைப் புரிந்துகொள்ள இது முக்கியம், அதனால்தான் சொல்கிறேன்.

போனஸ் அயர்ஸில் சரணடைந்தாரா?

1807 ஜூலையில், ஆமாம். ஜெனரல் ஒயிட்லாக் என்பவர் தன் படையைத் துண்டு துண்டாகப் பிரித்து அந்த நகரத்தின் தெருக்களுக்குள் அனுப்பினார். ஒவ்வொரு வீட்டு மாடியிலிருந்தும் சுட்டார்கள். கிராஃபர்டும் அவரோடு இருந்தவர்களும் சாந்தோ தொமிங்கோ மடாலயத்துக்குள் ஒதுங்கி, சுற்றி வளைக்கப்பட்டு, ஆயுதத்தைக் கீழே வைத்தார்கள். ஊர் திரும்பிய பிறகு நடந்த ராணுவ விசாரணையில் ஒயிட்லாக் பதவி பறிக்கப்பட்டு வெளியேற்றப்பட்டார். கிராஃபர்ட் மீது குற்றம் இல்லை என்றார்கள். ஆனாலும் தன்மானம் மிகுந்த ஒரு மனிதருக்கு, நாற்பத்து மூன்று வயதில் முதன்முதலாகக் கையில் வந்த பெரிய பொறுப்பு சரணடைவில் முடிந்தது எப்படி இருந்திருக்கும்?

பின்வாங்கும்போது சொந்தச் சிப்பாய்களுக்கே கசையடி கொடுத்தாராமே?

கொடுத்தார். இதை மழுப்பக் கூடாது.

1808 டிசம்பர் கடைசி. சர் ஜான் மூரின் படை ஸ்பெயினின் வடக்கில் நெப்போலியனே நேரில் துரத்தி வர, கலீசிய மலைகள் வழியாகக் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. பனி, பசி, கிழிந்த பூட்ஸ். கிராஃபர்டின் பிரிகேடும் இன்னொரு பிரிகேடும் டிசம்பர் 31 அன்று முதன்மைப் படையிலிருந்து பிரிந்து வீகோ துறைமுகத்தை நோக்கித் திரும்பின. முதன்மைப் படையில் ஒழுங்கு சிதைந்துகொண்டிருந்தது. மதுக்கிடங்குகளை உடைத்தார்கள், குடித்துவிட்டுப் பனியில் விழுந்தவர்கள் எழவே இல்லை, பின்தங்கியவர்களை பிரெஞ்சுக் குதிரைப்படை வெட்டியது.

வீகோ பாதையில் என்ன நடந்தது என்பதை 95ஆம் ரைபிள் படையில் இருந்த ஹாரிஸ் என்ற சாதாரணச் சிப்பாய், பிழைப்புக்குச் செருப்புத் தைத்தவர், பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். நடக்கும்போது ஒருவன் கிராஃபர்டைத் திட்டி முணுமுணுத்தான். சாப்பிட எதாவது கொடுக்காமல் இப்படி விரட்டுகிறாரே என்று. அது அவர் காதில் விழுந்துவிட்டது. படையை அங்கேயே நிறுத்தி, திறந்த வெளியில் ராணுவ விசாரணை நடத்தி, கசையடி விதித்தார். எதிரி பின்னால் வந்துகொண்டிருக்கும்போது! அடி வாங்கியவனின் மனைவி பக்கத்தில் நின்று, அடி முடிந்ததும் அவன் முதுகை மூடினாள், பிறகு அவனுடைய மூட்டையையும் சுமந்துகொண்டு நடந்தாள்.

அதே ஹாரிஸ் இன்னொன்றும் சொல்கிறார். இரவெல்லாம் கிராஃபர்டும் சிப்பாய்களோடு நடந்தே வந்தார், விடிந்தபோது அவருடைய முடி, தாடி, புருவம் எல்லாம் உறைபனி படிந்து, ஒரே இரவில் நரைத்துப்போனவர் போல இருந்தார். ஒரு ஓடையைக் கடக்கும்போது, நனையாமல் போக ஒரு அதிகாரி சிப்பாயின் முதுகில் ஏறி வந்தார். கிராஃபர்ட் பார்த்தார். "கீழே போடு அவரை, உடனே கீழே போடு!" என்று கத்தினார். சிப்பாய் நடு ஓடையில் பொத்தென்று போட்டான். அதோடு விடவில்லை. அந்த அதிகாரியைத் திரும்பிப் போய் மற்றவர்களைப் போலவே தண்ணீரில் இறங்கி மறுபடி நடந்து வரச் சொன்னார்.

அவரைத் தவிர வேறு யார் இருந்திருந்தாலும் அந்த பிரிகேட் மொத்தமும் அழிந்திருக்கும் என்பது ஹாரிஸின் தீர்ப்பு. அந்தக் கசையடிகளைத் தன் கண்ணால் பார்த்த ஒரு சிப்பாயின் வார்த்தை இது. மாளிகையில் உட்கார்ந்து எழுதிய பிரபு யாரோ சொன்னதில்லை.

என் கருத்தைக் கேட்டால், முணுமுணுத்ததற்குக் கசையடி என்பது அன்றைய ராணுவத்தின் அளவுகோலிலும் கடுமைதான். ஆனால் அந்தப் படை ஒரு கும்பலாகச் சிதையாமல் வீகோவுக்குப் போய்க் கப்பல் ஏறியது. இரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

தண்ணீர்க் குட்டையைச் சுற்றிப் போகக்கூடாது என்று விதி போட்டாரா?

போட்டார். அது கிறுக்குத்தனம் என்று நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். வரிசையில் முன்னால் போகிற நாலு பேர் ஒரு குட்டையை ஒதுங்கிப் போக இரண்டு நொடி தயங்கினால், பின்னால் வருகிறவன் நின்றாக வேண்டும், அவனுக்குப் பின்னால் வருகிறவன் இன்னும் கொஞ்சம் அதிகமாக நிற்க வேண்டும். ஆயிரக்கணக்கான பேர் நடக்கும் வரிசையில் வால் பக்கம் போகும்போது அது நிமிஷக்கணக்காக வளர்ந்துவிடும். அப்புறம் பின்னால் இருப்பவர்கள் இடைவெளியை நிரப்ப ஓட வேண்டும். நின்று ஓடி, நின்று ஓடி வருகிறவன்தான் களைத்து விழுவான். சீராக நடப்பவன் விழ மாட்டான். லைட் டிவிஷனுக்கு அவர் எழுதிய நிலையான உத்தரவுகளில் இப்படி எல்லாவற்றுக்கும் ஏற்பாடு இருந்தது: எப்போது நிற்பது, எங்கே தண்ணீர் குடிப்பது, மூட்டை சுமக்கும் கழுதைகள் எங்கே வரும், யார் அனுமதி இல்லாமல் வரிசையை விட்டு விலகக் கூடாது. தண்ணீரைக் கண்டதும் வரிசையைக் கலைத்தால் தண்டனை.

முதலில் எல்லோரும் வெறுத்தார்கள். சில மாதங்கள் கழித்து, தங்கள் டிவிஷன் மற்ற டிவிஷன்களைவிட சீக்கிரம் முகாமுக்கு வந்து, சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கப் போய்விடுகிறது என்பதைக் கவனித்தார்கள்.

26 மணி நேரத்தில் 62 மைல் நடந்த கதை உண்மையா?

அப்படியே இல்லை. 1809 ஜூலையில் தலவேரா போருக்குப் போய்ச் சேர லைட் பிரிகேட் ஓட்டமும் நடையுமாக விரைந்தது. 62 மைல் என்று எழுதியவர் வில்லியம் நேப்பியர், அதே பிரிகேடின் 43ஆம் ரெஜிமென்ட்டில் இருந்தவர். பின்னால் பாதையை அளந்து பார்த்தவர்கள் நாற்பது மைலுக்குச் சற்று மேல் என்று திருத்தினார்கள். ஸ்பெயினின் ஜூலை வெயிலில், முழு மூட்டையும் துப்பாக்கியும் சுமந்து, ஒரே நாளில் நாற்பது மைல்! அதுவே எனக்குப் போதுமான ஆச்சரியம். போர் 28ஆம் தேதி முடிந்தது, இவர்கள் 29ஆம் தேதி காலை வந்து சேர்ந்தார்கள். வந்த களைப்போடு நேராகக் காவல் வரிசைக்குப் போனார்கள்.

ஏழு நிமிஷத்தில் மொத்த டிவிஷனும் தயாராகிவிடுமாமே?

நேப்பியர் எழுதியது இது: நடு இரவில் டிவிஷன் ஆயுதம் ஏந்தி நிற்க ஏழு நிமிஷம், மூட்டை முடிச்சுகள் ஏற்றப்பட்டுப் பின்னால் பாதுகாப்பாக நிற்க, முழுப் படையும் போர் வரிசையில் தன் இடத்தில் நிற்க கால் மணி நேரம். கிராஃபர்டின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1810 மார்ச்சிலிருந்து ஜூலை வரை, போர்ச்சுகல் எல்லையில் அகேடா ஆற்றங்கரையோரமாக, சுமார் 40 மைல் நீளத்துக்குக் காவல் போட்டார். கையில் இருந்தது 43, 52, 95ஆம் ரெஜிமென்ட்டுகளின் பட்டாலியன்கள், காசடோர் எனப்படும் போர்ச்சுகல் இலகுரகக் காலாட்படைப் பட்டாலியன்கள் இரண்டு, பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்த ஜெர்மன்காரர்களின் படையான கிங்ஸ் ஜெர்மன் லீஜியனின் முதல் ஹுசார் குதிரைப்படை, கொஞ்சம் பீரங்கி. எதிரே பிரெஞ்சு மார்ஷல் நேயின் படை, பல மடங்கு பெரியது.

அகேடா ஒரு விசித்திரமான ஆறு. மலையில் மழை பெய்தால் ஒரே இரவில் பல அடி ஏறிவிடும், இரண்டு நாளில் வடிந்தும் விடும். ஆற்றில் பாலங்கள் சில, ஆள் இறங்கிக் கடக்கக்கூடிய துறைகள் பல. நம் ஊர் ஆறுகளைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும்: நேற்று கழுத்தளவு ஓடிய இடத்தில் இன்று முழங்கால் அளவுதான். எந்தத் துறையில் இன்று எதிரி இறங்க முடியும் என்பது தினமும் மாறும். கிராஃபர்ட் ஒவ்வொரு துறையிலும் நீர்மட்டத்தை அளந்து தினமும் தனக்குச் சொல்ல வைத்தார். மட்டம் இறங்கிய துறைக்குக் காவல் கூடும், ஏறிய இடத்தில் ஆட்கள் ஓய்வெடுப்பார்கள். மலை முகடுகளில் எச்சரிக்கைத் தீ மூட்ட விறகு அடுக்கி வைத்தார். ஜெர்மன் ஹுசார்களோடு அவர்கள் மொழியிலேயே பேசினார், அவர்களில் ஒவ்வொரு காவல் தலைவனிடமும் நேரடியாகக் கேள்வி கேட்டார், பதில் வாங்கினார். பெயர் பெற்ற ஜெனரல்களிடம் காட்டாத பொறுமையை அந்தக் குதிரைக்காரர்களிடம் காட்டினார்.

மார்ச் 19 இரவு பார்பா தெல் புயெர்கோ என்ற ஊர்ப் பாலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் இருட்டில் ஏறி வந்தார்கள். ரைபிள் படையினர் அவர்களைப் பாறைச் சரிவில் திருப்பித் துரத்தினார்கள். அந்த நாலு மாதமும் அந்தக் காவல் வரிசையை எதிரியால் ஒருமுறை கூட உடைக்க முடியவில்லை. பின்னால் இருந்த வெலிங்டனின் முழுப் படையும் நிம்மதியாகத் தூங்கியது இந்தச் சில ஆயிரம் பேரை நம்பித்தான்.

இங்கே கசை எதையும் சாதிக்கவில்லை. அளவு, கணக்கு, பழக்கம், திரும்பத் திரும்பச் செய்வது, இவைதான் சாதித்தன. அவருடைய கண்டிப்பு வேறு, கோபம் வேறு என்று நான் பிரித்துப் பார்ப்பதற்கு அகேடாதான் காரணம்.

லைட் டிவிஷனை உருவாக்கியது இவர்தானா?

முழுப் பெருமையையும் இவருக்குத் தருவது தவறு. அந்த மூன்று ரெஜிமென்ட்டுகளையும் 1803 முதல் ஷார்ன்கிளிஃப் முகாமில் பயிற்றுவித்தவர் சர் ஜான் மூர். சிப்பாயையும் யோசிக்கத் தெரிந்த மனிதனாக நடத்த வேண்டும், அடிக்குப் பதில் முன்மாதிரி காட்ட வேண்டும் என்று நம்பியவர் அவர். மூர் கொடுத்த நல்ல மனிதர்களை ஒரே இயந்திரம் போல இயங்க வைத்தது கிராஃபர்ட். மூர் இல்லாமல் கிராஃபர்டின் முறை வெறும் கொடுமையாகத்தான் முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கோவா ஆற்றில் என்ன தவறு நடந்தது?

1810 ஜூலை 10 அன்று சியூதாத் ரோத்ரிகோ கோட்டை பிரெஞ்சுக்காரர்களிடம் விழுந்தது. அடுத்த நாளே கிராஃபர்ட் ஒரு சிறு பிரெஞ்சுக் காலாட்படைக் குழுவைக் குதிரைப்படையால் மடக்கப் பார்த்தார். அவர்கள் குதிரைகள் நெருங்க முடியாதபடி நாலு பக்கமும் பார்த்துச் சதுரமாக நின்று சுட்டு, தப்பித்துப் போய்விட்டார்கள். 14ஆம் லைட் டிராகூன் படையின் கர்னல் டால்பட் அதில் இறந்தார். அந்த அவமானம் ஆறவில்லை.

வெலிங்டனின் விருப்பம் தெளிவாக இருந்தது: கோவா ஆற்றுக்கு அந்தப் பக்கம் நின்று சண்டை போடாதே. ஆனாலும் கிராஃபர்ட் அல்மெய்டா கோட்டைக்குப் பக்கத்தில், ஆற்றின் எதிரிப் பக்கக் கரையிலேயே நின்றார். முதுகுக்குப் பின்னால் செங்குத்தான பள்ளத்தாக்கு, அதன் அடியில் ஒரே ஒரு குறுகலான பாலம், அதற்கு இறங்கும் பாதை வளைந்து வளைந்து போகும். கையில் நாலாயிரம் காலாட்படை, ஆயிரத்துச் சொச்சம் குதிரை. ஜூலை 23 இரவு முழுக்கப் புயலும் மழையும். 24 விடிந்தபோது நே இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட படையோடு பாய்ந்தார்.

அப்போதும் போயிருக்கலாம், நேரம் இருந்தது. நின்றார். இடது பக்கம் உடைந்த பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் அந்த ஒற்றைப் பாலத்தை நோக்கி இறங்க வேண்டியதாயிற்று. 52ஆம் ரெஜிமென்ட்டில் ஒரு பகுதி இன்னும் மேலேயே இருந்தது, பாலத்துக்கு மேலே இருந்த மேட்டை விட்டுவிட்டார்கள். கண் முன்னால் தோழர்கள் அகப்படப் போவதைப் பார்த்த 43ஆம் படையினரும் ரைபிள்காரர்களும் திரும்பி ஓடி ஏறி அந்த மேட்டைப் பிடித்தார்கள். மீதிப் பேர் பாலத்தைக் கடக்கும் வரை விடவில்லை. படையைக் காப்பாற்றியது பட்டாலியன் அதிகாரிகளும் சிப்பாய்களும். தளபதி அன்று அதைச் செய்யவில்லை.

அதற்குப் பிறகு நேயும் அதே தவறைச் செய்தார், தன் ஆட்களைப் பாலத்தின் மேல் திரும்பத் திரும்ப ஏவினார். பாலம் பிணங்களால் நிறைந்தது. பிரிட்டிஷ், போர்ச்சுகல் தரப்பில் இழப்பு முந்நூற்றுச் சொச்சம் பேர். பிரெஞ்சு இழப்பு அதைவிட அதிகம். கணக்கைக் காட்டி வெற்றி என்று சொல்பவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு குட்டையைச் சுற்றிப் போனதற்குச் சிப்பாயைத் தண்டித்தவர், தனக்குச் சொல்லப்பட்டதை மீறி ஒரு டிவிஷனையே ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார். பிறருக்கு அவர் போட்ட கட்டுப்பாட்டை, சண்டை என்ற ஆசை வந்தபோது, தனக்குப் போட்டுக்கொள்ள அவரால் முடியவில்லை. அவருடைய வாழ்க்கையில் உள்ள உண்மையான குறை இதுதான் என்பது என் எண்ணம்.

பிறகு ஏன் வெலிங்டன் அவரை நீக்கவில்லை?

வெலிங்டன் தன் சகோதரருக்கு எழுதிய கடிதத்தில் மனதைத் திறந்து சொல்லியிருக்கிறார். கோவாவுக்கு அந்தப் பக்கம் சண்டை வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தேன், ஆனால் என்னைத் தூக்கில் போட்டாலும் சரி, நல்லெண்ணத்தோடு செயல்பட்ட ஒருவரை, யோசனையில் தவறியவரை, நான் குற்றம் சாட்ட மாட்டேன் என்பதுதான் சாரம். இதைவிடப் பெருந்தன்மையான ஒரு மேலதிகாரியைக் காண்பது அரிது. அதோடு, காவல் வரிசை நடத்த இவரைப் போல வேறு ஆள் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். இவரைவிடப் பதவியில் மூத்தவர்கள் அந்த டிவிஷனைக் கேட்டும் கொடுக்காமல் இவருக்கென்றே வைத்திருந்தார்.

இருவரும் நண்பர்கள் என்று சொல்ல முடியாது. 1811 செப்டம்பரில் ஃபுவேந்தே கினால்தோவில் எதிரி நெருங்கிக்கொண்டிருக்க, கிராஃபர்ட் தாமதமாக வந்து சேர்ந்தார். "நீங்கள் பத்திரமாக வந்ததில் சந்தோஷம்" என்றார் வெலிங்டன். "எனக்கு ஆபத்து ஒன்றும் இல்லையே" என்றார் இவர். "உங்கள் நடத்தையால் எனக்கு இருந்தது." இவர் திரும்பி நடந்தபடி, "இன்றைக்கு ஆள் சிடுசிடுவென்று இருக்கிறார்" என்று முணுமுணுத்தாராம்.

புசாக்கோவில் என்ன செய்தார்?

1810 செப்டம்பர் 27. கோவா நடந்து இரண்டே மாதம். புசாக்கோ மலைமுகட்டில் வெலிங்டன், ஏறி வருவது பிரெஞ்சு மார்ஷல் மசேனாவின் படை. கிராஃபர்ட் 43, 52 இரண்டு பட்டாலியன்களையும் முகட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளப் பாதையில் படுக்க வைத்துவிட்டு, தான் மட்டும் விளிம்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். லுவாசோன் டிவிஷன் செங்குத்துச் சரிவில் மூச்சு வாங்க ஏறி வந்தது. மேலே ஒரு குள்ள மனிதரும் சில துப்பாக்கிக்காரர்களும்தான் தெரிந்தார்கள். சில அடி தூரத்துக்கு வந்த பிறகு தொப்பியை அசைத்தார். மூரின் சாவுக்குப் பழிதீர்க்கச் சொன்னார் என்பார்கள். சுமார் ஆயிரத்து எண்ணூறு பேர் ஒரே நேரத்தில் எழுந்து நின்று சுட்டு, துப்பாக்கிக் கத்தியோடு பாய்ந்தார்கள். ஜெனரல் சிமோன் காயத்தோடு பிடிபட்டார். அன்று காத்திருக்கத் தெரிந்தது அவருக்கு.

குடும்பம்?

1800இல் மேரி ஹாலண்டை மணந்தார். மேரியின் தந்தை ஹென்றி ஹாலண்ட் கட்டடக் கலைஞர், வேல்ஸ் இளவரசருக்காக கார்ல்டன் மாளிகையில் வேலை செய்தவர். முகாமில் எல்லோரையும் நடுங்க வைத்தவர் மனைவிக்கு உருகி உருகிக் கடிதம் எழுதுவார். பிரிவு தாங்காமல் 1811 தொடக்கத்தில் விடுப்பு கேட்டு ஊருக்குப் போனார். அவர் இல்லாத மாதங்களில் டிவிஷன் எர்ஸ்கின் என்பவர் கையில் இருந்தது, சிப்பாய்களுக்கு வித்தியாசம் சீக்கிரமே தெரிந்தது.

சிப்பாய்கள் அவரை வெறுத்தார்கள்தானே?

அதிகாரிகளில் பலர் வெறுத்தார்கள், கடைசி வரை. சிப்பாய்கள் விஷயம் வேறு. 1811 மே மாதம் ஃபுவேந்தெஸ் தெ ஓன்யோரோ போருக்கு நடுவே அவர் விடுப்பிலிருந்து திரும்பி வந்தபோது டிவிஷன் ஆரவாரம் செய்தது. போர்ச்சுகல் காசடோர்கள், எங்கள் வயிற்றைக் கவனிக்கும் ஜெனரல் வாழ்க என்று கத்தினார்கள். எனக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் தெரியவில்லை. பசித்தவனுக்குத் தெரியும் யார் சோறு வர வைக்கிறார் என்று.

மே 5, அவருடைய நாற்பத்தேழாவது பிறந்தநாள். திறந்த சமவெளியில் மாட்டிக்கொண்ட 7ஆம் டிவிஷனை மீட்க லைட் டிவிஷன் போனது. மீட்ட பிறகு, சுற்றிலும் பிரெஞ்சுக் குதிரைப்படை வட்டமிட, பட்டாலியன்கள் சதுரங்களாக நின்று, நகர்ந்து, நின்று, நகர்ந்து பின்வாங்கின. இழப்பு மிகக் குறைவு. அந்தக் குட்டை விதியில் ஊறிய கால்கள்தான் இதைச் செய்தன.

உணவு அதிகாரியைத் தூக்கில் போடுவதாக மிரட்டியது உண்மையா?

மிரட்டப்பட்டவர் வெலிங்டனிடம் முறையிட, "அவர் சொன்னால் செய்வார், நீங்கள் உணவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நல்லது" என்றாராம். இதே கதையை பிக்டன் என்ற ஜெனரல் மேலும் சொல்கிறார்கள். சுவையான கதை, வரலாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எப்படி இறந்தார்?

1812 ஜனவரி 8 அன்று வெலிங்டன் சியூதாத் ரோத்ரிகோவை முற்றுகையிட்டார். உறையும் குளிர். 19 இரவு தாக்குதல். பீரங்கிகள் மதிலில் போட்ட இரண்டு உடைப்புகளில் பெரியது 3ஆம் டிவிஷனுக்கு, சிறியது லைட் டிவிஷனுக்கு. கிராஃபர்ட் தன் ஆட்களிடம் சில வார்த்தைகள் பேசிவிட்டு, சரிவின் விளிம்பில், எல்லோருக்கும் தெரியும்படி நின்று உரக்க வழிகாட்டினார். மதிலிலிருந்து மிக அருகே வந்த குண்டு கையைத் துளைத்து, விலா எலும்பை உடைத்து, நுரையீரலைக் கிழித்து முதுகெலும்புப் பக்கம் நின்றது. உதவியாளர் ஷா கென்னடி அவரைத் தீயிலிருந்து இழுத்து வந்தார். கோட்டை அன்றிரவே விழுந்தது. உள்ளே நுழைந்த படை ஊரைச் சூறையாடியது, எந்த ஒழுங்கும் அங்கே செல்லுபடியாகவில்லை. நேச நாடான ஸ்பெயினின் சொந்த ஊர் அது.

ஐந்து நாள் வேதனைப்பட்டு ஜனவரி 24 அன்று இறந்தார். மனைவியை மறுபடி சொர்க்கத்தில் சந்திப்பேன் என்று உறுதியாக நம்புவதாக அவளிடம் சொல்லச் சொல்லி ஷா கென்னடியிடம் கேட்டுக்கொண்டார்.

சாகும்போது வெலிங்டனிடம் மன்னிப்புக் கேட்டாரா?

வெலிங்டனே அப்படிச் சொல்லியிருக்கிறார். தன்னைப் பற்றி முதுகுக்குப் பின்னால் குறைகூறியவர்களோடு சேர்ந்ததற்காக கிராஃபர்ட் வருந்தினார் என்று. கதையில் வருகிற பாத்திரம் போலப் பேசினார் என்பது அவர் வார்த்தை. அரசுக்கு அனுப்பிய அறிக்கையில் தன் தொழிலுக்கே அணிகலனாக இருந்தவர் என்று எழுதினார்.

நினைவுச் சின்னம் இருக்கிறதா?

லண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் இருக்கிறது. அதே இரவு பெரிய உடைப்பில் வெடி வெடித்து இறந்த ஜெனரல் மெக்கின்னனுக்கும் சேர்த்து ஒரே சின்னம்.

அடக்கத்தின்போது நடந்ததாகச் சொல்லும் சம்பவம் எது?

அவர் தாக்கிய அந்தச் சிறிய உடைப்பின் அடியிலேயே அடக்கம் செய்தார்கள், டிவிஷன் முழுவதும் நின்றது. முடிந்து முகாமுக்குத் திரும்பும் வழியில் முற்றுகைக்காகத் தோண்டிய ஒரு பெரிய பள்ளம், பனி உருகிய சேற்றுத் தண்ணீர் நிறைந்து கிடந்தது. சுற்றிப் போக இடம் இருந்தது. உத்தரவு போட, திட்ட, தண்டிக்க இனி அவர் இல்லை. முன்வரிசை அந்தத் தண்ணீருக்குள் நேராக இறங்கியது, பின்னால் வந்த ஒவ்வொரு வரிசையும் நடையின் தாளம் மாறாமல் அப்படியே இறங்கிக் கடந்து போனது என்று சொல்வார்கள்.